விசேஷத்துக்கு ஓர் அலைவரிசை: வாசகர் கேள்வி – பதில்

செயற்கைக்கோள் வானொலி பற்றி டெல்டா மாவட்டங்களிலிருந்து வந்த கேள்விகளை மட்டும் இந்த இதழில் எடுத்துக்கொண்டிருக்கிறோம். திருவிழா, கச்சேரி, பேரிடர் என்று சில நாட்களுக்கு மட்டும் திறந்து மூடும் அலைவரிசையைப் பற்றித்தான் பலரும் கேட்டிருக்கிறார்கள்.

பரணைச் சுத்தம் செய்தபோது அப்பாவின் வேர்ல்ட்ஸ்பேஸ் செயற்கைக்கோள் வானொலிப் பெட்டி கிடைத்தது. 'ஸ்ருதி' அலைவரிசையில் காலை முழுக்கக் கர்நாடக இசை கேட்பார். இப்போது விளக்கு எரிகிறது, சத்தம் இல்லை. ஆன்டெனாவை மாற்றினால் எடுக்குமா? (கும்பகோணம் வாசகர்)

எடுக்காது. ஆன்டெனாமேல் குறையில்லை; மேலிருந்து அனுப்புவதே நின்றுவிட்டது. இந்தியாவில் அந்தச் சேவை 2009 டிசம்பர் 31-ஆம் தேதியோடு முடிந்தது. அதற்கு முந்தைய ஆண்டு அக்டோபரிலேயே நிறுவனம் அமெரிக்க நீதிமன்றத்தில் திவால் மனு போட்டுவிட்டது.

நோவா சமாரா 1990-ல் தொடங்கிய நிறுவனம் அது. ஆப்பிரிக்காவுக்கென்று ஆஃப்ரிஸ்டார் 1998 அக்டோபரிலும், ஆசியாவுக்கென்று ஏசியாஸ்டார் 2000 மார்ச்சிலும் ஏவப்பட்டன. ஏசியாஸ்டார் நின்ற இடம் 105 டிகிரி கிழக்கு. அது தரைநோக்கி வீசிய மூன்று அலைக்கற்றைகளில் மேற்குக் கற்றை நம் பக்கம் விழுந்தது. கும்பகோணத்திலிருந்து பார்த்தால் கிழக்கிலிருந்து சற்றே தெற்காக, வடக்கிலிருந்து எண்ணினால் 112 டிகிரி திசையில், தரையிலிருந்து 58 டிகிரி உயரத்தில் இருக்கும். உங்கள் அப்பா அந்தச் சிறிய சதுரத் தட்டைக் கிழக்கு ஜன்னலில் அண்ணாந்தவாக்கில் சாய்த்து வைத்திருந்தது அதனால்தான்.

அதிர்வெண் 1467 முதல் 1492 மெகாஹெர்ட்ஸ், அதாவது எல் பட்டை. ஐப்பசி அடைமழையில் டிஷ் டிவி நின்றாலும் வேர்ல்ட்ஸ்பேஸ் பாடும். ஆனால் ஒரு தென்னை மட்டை காற்றில் ஆடிக் குறுக்கே வந்தால் பாட்டு அறுந்துவிடும். சுவர், கூரை, மரம் எதையும் தாண்டிவர அதற்குத் தெம்பு கிடையாது. அமெரிக்காவில் நகரத்துக் கட்டடங்கள் மறைக்கும் இடங்களிலும் ஒலி எட்டத் தரையில் மறுஒலிபரப்பிகள் வைத்தார்கள். அதனால் ஓடும் காரிலும் கேட்டது. இந்தியாவில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2005-ல் செயற்கைக்கோள் வானொலிக்குப் பரிந்துரைகள் கொடுத்தும், தரை மறுஒலிபரப்பிக்கு வழி பிறக்கவில்லை. ஜன்னலோரத்தில் மட்டும் பாடும் பெட்டிக்கு எத்தனை பேர் வருஷா வருஷம் சந்தா கட்டுவார்கள்? ஏ.ஆர். ரகுமான் விளம்பரத் தூதராக இருந்தும் கணக்கு கூடிவராததற்கு இதையே பெரிய காரணமாகச் சொல்வோம்.

பெட்டியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஹிட்டாச்சி, சான்யோ, ஜேவிசி, பானசோனிக் செய்த முதல் தலைமுறைப் பெட்டிகளில் எஃப்.எம்., மத்திய அலை, சிற்றலையும் உண்டு. பின்மூடியைத் திறந்து பேட்டரிப் பள்ளத்தைப் பாருங்கள். கம்பிச்சுருளில் வெள்ளையோ பச்சையோ உப்புப் பூத்திருந்தால், காது குடையும் பஞ்சில் வினிகர் தொட்டுத் துடைத்து, ஈரம் காய ஒரு நாள் விட்டுப் பிறகு பேட்டரி போடுங்கள். காரம் கசிந்த ஆல்கலைன் பேட்டரிக்கு இந்த வைத்தியம் போதும்.

அமெரிக்காவில் இருக்கும் மகன் காரில் செயற்கைக்கோள் வானொலி கேட்கிறான். கிறிஸ்துமஸுக்கு என்று சில சேனல்கள் வரும், பிறகு காணாமல் போய்விடும் என்கிறான். வானத்தில் இருக்கும் ஒன்றில் திடீரென்று புதுச் சேனலுக்கு இடம் எங்கிருந்து வரும்? (மயிலாடுதுறை வாசகி)

இடம் எங்கிருந்தும் வராது அம்மா. ஏற்கெனவே இருப்பதைப் பங்கு மாற்றி விடுவார்கள். வாய்க்காலில் ஓடும் தண்ணீர் அதேதான். முறை வைத்து ஒரு மடையை அடைத்து இன்னொரு மடையைத் திறக்கிறோம் அல்லவா, அப்படி.

நமக்குப் பழக்கமான ஏசியாஸ்டாரையே எடுத்துக்கொள்வோம். ஒரு கற்றையில் இறங்கும் ஓர் ஓடையில், அதாவது தொடர்ந்து பாயும் எண்மத் தரவில், 96 கட்டங்கள். ஒரு கட்டத்துக்கு விநாடிக்கு 16 கிலோபிட். மொத்தம் 1,536 கிலோபிட். வெறும் பேச்சுக்கு ஒரு கட்டம் போதும். எஃப்.எம். தரத்தில் பாட்டு வேண்டுமானால் 4 கட்டம், அதாவது 64 கிலோபிட். குறுந்தகட்டுக்குப் பக்கத்தில் வர 8 கட்டம். எல்லாரும் 64-ல் உட்கார்ந்தால் ஓர் ஓடையில் 24 சேனல்தான். இருபத்தைந்தாவதாக ஒரு விசேஷ சேனல் வேண்டுமென்றால் 4 கட்டங்களை யாராவது விட்டுக்கொடுத்தாக வேண்டும்.

அதற்கு இரண்டு வழி. கேட்பவர் குறைந்த ஒரு சேனலைப் பத்து நாளைக்கு நிறுத்தி அதன் இடத்தை அப்படியே கொடுப்பது ஒன்று. நான்கு சேனல்களிடம் ஆளுக்கு ஒரு கட்டம் வாங்கி, அவற்றை 48 கிலோபிட்டுக்கு இறக்குவது இன்னொன்று. இரண்டாவது வழியில் எந்தச் சேனலும் நிற்காது. ஆனால் நான்கின் தரமும் குறையும். செய்திச் சேனலில் அது காதுக்குத் தெரியாது. கச்சேரிச் சேனலில் உடனே தெரியும். தம்புராவின் சுருதி நீரில் தெரியும் நிழல்போல நெளியும். கைத்தாளத்தின் 'கிண்' சலசலப்பாக மாறும். அதனால் வாங்குவதைப் பேச்சுச் சேனல்களிடம் வாங்க வேண்டும், இசைச் சேனல்களைத் தொடக்கூடாது. இதில் எங்களுக்கு இரண்டு கருத்து இல்லை.

கட்டங்களை மாற்றினால் போதாது, வீட்டுப் பெட்டிக்கும் தெரிய வேண்டும். எந்தக் கட்டத்தில் எந்தச் சேனல் என்ற பட்டியலையும் அதே ஓடையில் சேர்த்து அனுப்புவார்கள். பெட்டி அதைப் படித்துத்தான் பெயரைத் திரையில் காட்டும். விசேஷம் முடிந்து சேனலை எடுத்துவிட்டால், கேட்பவர் பொத்தானில் பதிந்துவைத்த இடம் வெறிச்சென்று நிற்கும். 'பெட்டி கெட்டுவிட்டது' என்று புகார் வரும். முடியும் தேதியை முதல் நாளிலிருந்தே திரையிலும் குரலிலும் சொல்லிக்கொண்டே இருப்பதும், முடிந்த பிறகு சில நாளாவது ஒரு கட்டத்தில் 'இந்தச் சேவை நிறைவடைந்தது' என்ற அறிவிப்பை ஓடவிடுவதும் கேட்பவருக்குச் செய்ய வேண்டிய மரியாதை.

அமெரிக்காவில் எக்ஸ்எம் செயற்கைக்கோள் வானொலி 2001 செப்டம்பர் 25-ல் தொடங்கியது, அதன் போட்டியாளரான சிரியஸ் 2002-ல். இரண்டும் 2008 ஜூலையில் ஒன்றாயின. சில வாரச் சேனல் என்ற வழக்கம் இரண்டிலுமே வேரூன்றியது. 2005-ல் கத்ரீனா புயல் அடித்தபோது எக்ஸ்எம் 'ரெட் கிராஸ் ரேடியோ' என்று ஒன்றைத் திறந்தது. அதே ஆண்டு சிரியஸில் ப்ரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் பாடல்களுக்குச் சில மாதம் என்று சொல்லித் தொடங்கிய 'ஈ ஸ்ட்ரீட் ரேடியோ', 2007-ல் திரும்பி வந்து, பிறகு நிலைத்தே விட்டது.

இன்சாட் செயற்கைக்கோள் எல்லாம் வருவதற்கு முன் நம் ஊர்க் கச்சேரி டெல்லி வரை எப்படிப் போனது? (லால்குடி வாசகர்)

கம்பி வழியாகவும் சிற்றலை வழியாகவும். திருச்சி வானொலி நிலையம் 1939 மே 16-ல் தொடங்கியது. கச்சேரி நடக்கும் இடத்திலிருந்து நிலையம் வரை தொலைபேசித் துறையிடம் வாடகைக்கு எடுத்த கம்பி. சாதாரணத் தொலைபேசிக் கம்பி 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரைதான் கடத்தும். குரல் புரியும், கடத்தின் கணகணப்பு வராது. அதனால் இசைக்கு அகலமாகச் சீர்செய்த கம்பி கேட்டு வாங்குவார்கள். 1952-ல் தேசிய இசை நிகழ்ச்சி தொடங்கியபோது, தூரத்து நிலையங்கள் டெல்லியின் சிற்றலையைப் பிடித்துத்தான் மறுஒலிபரப்புச் செய்தன. சிற்றலை அயனமண்டலத்தில் பட்டுத் திரும்புவது. ஆலாபனை நடுவில் ஒலி மங்கி மங்கி வரும். 1983 ஆகஸ்டில் இன்சாட் 1பி மேலே போன பிறகு, நிலையங்களில் எஸ் பட்டை வாங்கிகள் வந்து அந்த மங்கல் தீர்ந்தது. மைக்கிலிருந்து செயற்கைக்கோள் ஏற்றுநிலையம் வரையுள்ள தரைவழி மட்டும் அன்றும் இன்றும் பலவீனமான கண்ணிதான்.

2004 சுனாமியில் எங்களுக்கு எச்சரிக்கை வரவில்லை. செயற்கைக்கோள் வானொலியால் அப்படி ஓர் அவசர அலைவரிசை நடத்த முடியுமா? (நாகப்பட்டினம் வாசகர்)

முடியும், செய்தும் பார்த்தார்கள். இலங்கையில் லிர்ன்ஏசியா ஆய்வு அமைப்பும் சர்வோதயம் தொண்டு அமைப்பும் சேர்ந்து, கடலோரக் கிராமங்களில் வேர்ல்ட்ஸ்பேஸின் அவசரகாலப் பெட்டிகளை வைத்துச் சோதித்தன. ஒவ்வொரு பெட்டிக்கும் தனி முகவரி இருந்ததால், குறிப்பிட்ட கரைக்கு மட்டும் எச்சரிக்கையை அனுப்பலாம். நல்ல யோசனை. சங்கடம் என்னவென்றால், பெட்டி எந்நேரமும் மின்சாரத்தோடு, ஆன்டெனா வானத்தைப் பார்த்தபடி, ஆள் காதில் விழும் இடத்தில் இருக்க வேண்டும். அலமாரிக்குள் போன பெட்டி யாரையும் எழுப்பாது. உங்கள் மாவட்டத்தில் விழுந்தமாவடியில் தானம் அறக்கட்டளையின் களஞ்சியம் சமுதாய வானொலி இருக்கிறது. மீனவர் சாதாரண எஃப்.எம். பெட்டியிலேயே கேட்கிறார் என்பது அதன் பலம். தினமும் கேட்கும் குரல் அவசரத்தில் பேசினால் ஜனங்கள் நம்புவார்கள்.

ஆராதனையின்போது பந்தலுக்கு வெளியே வானொலியும் கேட்கிறோம். 'எந்தரோ' பந்தலில் ஒரு இடத்தில், வானொலியில் பின்னால் ஓர் இடத்தில். ஏன்? (திருவையாறு வாசகர்)

பூமியிலிருந்து செயற்கைக்கோளுக்குச் சுமார் 36,000 கிலோமீட்டர். ஏறி இறங்கக் கால் விநாடி. ஒலியைச் சுருக்கி விரிப்பதில் இன்னும் நேரம் போகும். வேர்ல்ட்ஸ்பேஸ் 432 மில்லிவிநாடித் துண்டுகளாக நறுக்கி அனுப்பியது; ஒரு துண்டு சேரும்வரை காத்திருக்கத்தான் வேண்டும். எக்ஸ்எம் வேண்டுமென்றே ஒரு செயற்கைக்கோளில் நான்கு விநாடி தாமதித்து அனுப்பியது, பாலத்துக்கடியில் கார் போனாலும் பாட்டு அறாமல் இருக்க. தாமதம் பழுதல்ல. ஆனால் பந்தல் மைக்குக்கு அருகே வானொலியைச் சத்தமாக வைக்காதீர்கள். அந்த ஒலி மைக்கில் ஏறி, மறுபடி மேலே போய், எதிரொலியாகச் சுழலும். நேர்முக வர்ணனை செய்பவரின் ஹெட்ஃபோனுக்கும் அவர் குரலைக் கழித்த ஒலியைத்தான் கொடுக்க வேண்டும். தன் குரலே ஒரு விநாடி தள்ளிக் காதில் விழுந்தால் எவருக்கும் நாக்கு குழறும்.

ஃப்ரீ டிஷ்ஷில் வானொலி கேட்கிறோம். தரம் 30-ஐத் தாண்டவில்லை. அதோடு சில நாள் காலை 11 மணிக்குச் சரியாக நின்று, தானே வருகிறது. (வேதாரண்யம் வாசகர்)

இரண்டும் வேறு வேறு.

11 மணிக்கு நிற்பது மார்ச் நடுவிலும் செப்டம்பர் கடைசியிலும்தானா என்று பாருங்கள். அந்த நாட்களில் சூரியன் சரியாகச் செயற்கைக்கோளுக்குப் பின்னால் வருகிறது. ஃப்ரீ டிஷ்ஷுக்கான ஜிசாட் 15 நிற்பது 93.5 டிகிரி கிழக்கில். நம் பக்கத்துக்கு அந்த நேரம் 11 மணி வாக்கில் அமையும். சில நிமிடம், சில நாள், அவ்வளவுதான். எதையும் கழற்றாதீர்கள்.

தரம் குறைவதற்கு முதலில் எல்என்பியை, அதாவது தட்டின் முன்னால் நீட்டிய கையில் இருக்கும் அலைவாங்கியைப் பாருங்கள். டெல்டாவிலிருந்து தட்டு நோக்க வேண்டியது தென்கிழக்கு, ஏறத்தாழ 126 டிகிரி, உயரம் 69 டிகிரி. திசையைச் சரியாக வைத்துவிட்டு எல்என்பியை நேராக முறுக்கி விடுகிறவர்கள் அதிகம். நாம் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் அலையின் தளம் நமக்கு நன்றாகச் சாய்ந்து வருகிறது. எல்என்பியையும் 50 டிகிரிக்குக் கொஞ்சம் கூடவே திருப்ப வேண்டும். தட்டின் பின்னால் நின்று செயற்கைக்கோளைப் பார்த்தபடி, கடிகார முள்ளுக்கு எதிர்ப்பக்கம். திருகை லேசாகத் தளர்த்தி, ஐந்து ஐந்து டிகிரியாக நகர்த்தி, ஒவ்வொரு தடவையும் மூன்று விநாடி பொறுத்துத் திரையில் தரத்தைப் பாருங்கள். ஏறி இறங்கும் உச்சியில் நிறுத்தி இறுக்குங்கள்.

வேதாரண்யம் என்பதால் இன்னொன்று. உப்புக்காற்றில் கேபிள் முனையிலுள்ள எஃப் கனெக்டருக்குள் செம்பு பச்சை பிடித்திருக்கும். துடைத்துப் பயனில்லை, கேபிளை ஐந்து சென்டிமீட்டர் வெட்டி, பளபளக்கும் செம்பு வரும்வரை போய், புதுக் கனெக்டர் போட்டு, தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் நாடா சுற்றுங்கள். கேபிள் வீட்டுக்குள் நுழையுமுன் கீழே ஒரு தொங்கல் விடுங்கள். மழைநீர் அங்கேயே சொட்டிவிடும். எல்என்பியின் முன்மூடி விரிசல் விட்டிருந்தால் உள்ளே குளவி மண்கூடு கட்டியிருக்கும், அதையும் பாருங்கள். 60 சென்டிமீட்டர் தட்டுக்குப் பதில் 90 போட்டால் மூன்றரை டெசிபெல் கூடும். கார்த்திகை மழைக்கு அது பெரிய உதவி.

வானொலி கேட்க டிவி ஓட வேண்டியதில்லை. ஒருமுறை டிவியில் பார்த்து, ரிமோட்டில் ரேடியோ பொத்தானை அழுத்தி நிலையத்தைத் தேர்ந்துகொண்டு, பெட்டியின் சிவப்பு வெள்ளைத் துளைகளிலிருந்து ஆம்ப்ளிஃபையருக்குக் கம்பி கொடுத்துவிட்டால் போதும்.

ஆழித்தேரோட்டத்தன்று எங்கள் ஊர்க்காரர்கள் எங்கிருந்தாலும் கேட்கும்படி ஒரு நாள் அலைவரிசை நடத்த ஆசை. செயற்கைக்கோளில் இடம் வாங்க முடியுமா? இல்லாவிட்டால் சின்ன எஃப்.எம். வைக்கலாமா? (திருவாரூர் வாசகர்)

இரண்டும் வேண்டாம். செயற்கைக்கோளுக்கு ஏற்ற மத்திய அரசின் அனுமதி வேண்டும். அனுமதி உள்ள டிவி நிறுவனங்கள்தான் வண்டியோடு வந்து நேரக்கணக்கில் வாடகை கொடுத்து ஏற்றுகின்றன. உரிமம் இல்லாமல் எஃப்.எம். ஒலிபரப்பி வைப்பது, எவ்வளவு சிறியதானாலும், குற்றம். பிரிட்டனில் திருவிழாக்களுக்கு 28 நாள் வரை உரிமம் கொடுக்கிறார்கள். நம் சமுதாய வானொலிக்குக் கொடுப்பது பல ஆண்டுகளுக்கான உரிமம். வீச்சுத்திறன் 100 வாட், கோபுரம் 30 மீட்டர் வரை. பக்கத்தில் அப்படி ஒரு நிலையம் இருந்தால் அவர்களோடு சேர்ந்து செய்யுங்கள். வெளியூரில் இருப்பவர்களுக்கு இணைய ஒலியோடைதான் வழி.

64 கிலோபிட்டில் மணிக்கு 28.8 மெகாபைட், மூன்று மணி நேரத்துக்கு 86 மெகாபைட். அனுப்பும் பக்கம் பெரிய வேகம் வேண்டாம், அறுபடாத வேகம் வேண்டும். கைபேசி இணைப்பை மட்டும் நம்பாதீர்கள். தேர் நகரும்போது கூட்டம் முழுவதும் படம் அனுப்பும், டவர் திணறும். வீட்டு ஃபைபர் நல்லது. ஆனால் தேர் வரும் வீதியில் அன்று மின்சாரத்தை நிறுத்துவார்கள், குறுக்கே போகும் கேபிள்களையும் இறக்கிவிடுவார்கள். ஆகவே, பின்தெருவிலிருந்து இணைப்பு வரும் வீடாகத் தேர்ந்துகொள்ளுங்கள். மோடத்துக்கு 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்று. ஒரு ஆம்பியர் இழுக்கும் மோடத்துக்கு நான்கைந்து மணி நேரம் வரும். வேறு கம்பெனி சிம் ஒன்றை மாற்றாக வைத்துக்கொள்ளுங்கள்.

கெடுவது பெரும்பாலும் இரைச்சலில். சவுண்ட் சர்வீஸ் மிக்சரிலிருந்து ஒலி எடுத்தால் 'ம்ம்ம்' என்று 50 ஹெர்ட்ஸ் ஹம் வரும், ஏனென்றால் அவர் ஜெனரேட்டரில் இருக்கிறார், நீங்கள் வேறு மின்சாரத்தில். இரண்டு எர்த்துக்கும் நடுவே மின்னோட்டம் ஓடுகிறது. நடுவில் ஒன்றுக்கு ஒன்று ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மர் போட்டால் தீரும். ஹம் போகிறது என்று பிளக்கின் எர்த் காலை வெட்டிவிடாதீர்கள். ஈரத் தரையில் அது உயிரை வாங்கும்.

நாகஸ்வரத்துக்கும் தவிலுக்கும் மைக்கை இரண்டு மீட்டர் தள்ளி வையுங்கள். அளவுமானி சாதாரணமாக மைனஸ் 12-ல் நிற்கட்டும், வலந்தலை அடி விழும்போது மைனஸ் 6-ஐத் தாண்டக்கூடாது. கிலோபிட்டைக் குறைத்தால் முதலில் கெடுவது தவில்தான். சுருக்கும் மென்பொருள் ஒலியைத் துண்டு துண்டாக எடுக்கிறது. துண்டின் கடைசியில் ஓர் அடி விழுந்தால், அதன் பிசிறு துண்டு முழுக்கப் பரவி, அடிக்கு முன்னாலேயே 'ஃபுஸ்' என்று கேட்கும். 64-க்குக் கீழே போகாதீர்கள். போயே ஆக வேண்டுமென்றால் ஸ்டீரியோவை விட்டு மோனோவுக்கு வாருங்கள். முதல் நாள் மாலை சுவாமி புறப்பாட்டிலேயே அரை மணி ஒத்திகை ஓட்டி, வெளியூரில் இருக்கும் ஒருவரைக் கைபேசியில் கேட்கச் சொல்லுங்கள். உங்கள் ஹெட்ஃபோனில் கேட்காத அறுபடல் அவருக்குக் கேட்கும்.